அவரை வரச் சொல்லு

“இந்தத் தடவை ஒத்த ஜன்னல்தான் வரும், பாத்துக்கிடுங்க. அதுக்கு முன்னால போயி நிக்கும்போது மறந்தும்…” என்று பால்வண்ணம் ஐயா பள்ளி ஆண்டு விழாவில் சொன்னது வரைக்கும்தான் குற்றாலலிங்கத்துக்கு ஞாபகம் இருந்தது. மறந்தும் எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல வரும்போது மைக் வீறிட்டதா, அல்லது சரியாக அந்த நேரம் பார்த்துத் தான் குனிந்து கைபேசியில் மகளின் கட்-ஆஃப் கூட்டிக்கொண்டிருந்தோமா என்பதை அவரால் பின்னால் எவ்வளவு யோசித்தும் தீர்மானிக்க முடியவில்லை.

பால்வண்ணம் ஐயா கல்வி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று இருபத்து மூன்று வருஷமாகியும் இன்னமும் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். அவர் சொன்ன ஜன்னல், அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் என்கிற ஒற்றைச் சாளர முறை. அது கம்ப்யூட்டரில் வரும் என்றுதான் மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், மற்ற ஊர்களில் அப்படித்தான் வந்தது. வாகைப்பேட்டையில் மட்டும், பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலை, அரசு மேல்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பறைத் தெற்குச் சுவரில், நேற்றுவரை உலகப்படம் தொங்கிய இடத்தில், நிஜமாகவே ஒரு ஜன்னல் வந்திருந்தது.

பச்சை பெயின்ட் அடித்த மரக்கதவு இரண்டு, ஆறு இரும்புக் கம்பி, கம்பிக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு அரைவட்ட ஓட்டை. வெளியே போய் சைக்கிள் நிறுத்துகிற பக்கம் நின்று பார்த்தால் அங்கே ஜன்னலும் இல்லை, அதன் தடமும் இல்லை, பழைய சுண்ணாம்புச் சுவர்தான். உள்ளே நின்று பார்த்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை, மேசையில் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு பெரிய பேரேடு, பேரேட்டுக்குப் பின்னால் தலை நிமிராத ஒரு குமாஸ்தா. வெளியே கத்திரி வெயில் தலையைப் பிளக்கிறது, அவரோ காது வரைக்கும் மஃப்ளர் சுற்றியிருந்தார். ஜன்னல் பக்கம் அப்போது மார்கழி போல. தலைமையாசிரியை அருள்மேரி டீச்சர் பொதுப்பணித் துறைக்குக் கடிதம் எழுதினார். ஓவர்சியர் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கட்டடத்துக்குப் பாதிப்பு இல்லை, காற்றோட்டத்துக்கு நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் வரிசைக்குச் சாமியானா போட்டாகிவிட்டது. ஊர் அதற்குமேல் அந்த ஜன்னல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்கவில்லை, ஏனென்றால் ஜூன் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நாலு மணியோடு கடைசி என்று ஜன்னல் கதவிலேயே சாக்பீஸால் எழுதியிருந்தது.

குமாஸ்தா கேட்டது ஒரே கேள்வி. “என்ன படிக்கப் போறே?” பதில் சரியாக இருந்தால் ஒரு சீட்டில் முத்திரை குத்தி ஓட்டை வழியாக நீட்டுவார், அந்தச் சீட்டின் எண்ணைப் போட்டால்தான் இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் விண்ணப்பம் கம்ப்யூட்டரில் திறக்கும். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்த ஜன்னல் முன்னால் நின்று பேசினால், அது யாருடைய ஆசையோ அவருடைய குரலில்தான் பேச்சு வெளியே வரும்.

முதலில் போனவள் பேக்கரி சொரிமுத்துவின் மகள் உலகம்மை. ரெட்டை ஜடையும் ஒல்லி உடம்புமாகப் போய் நின்று வாயைத் திறந்தவளிடமிருந்து, “கம்ப்யூட்டர் சயின்ஸ் எழுதிக்கிடுங்க சார்!” என்று சொரிமுத்துவின் தொண்டை, அடுப்புப் புகையில் முப்பது வருஷம் வெந்த அதே தொண்டை, கடகடவென்று உருண்டு வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பி சொரிமுத்துவைப் பார்த்தார்கள். குமாஸ்தா தலை நிமிராமல், “அவரை வரச் சொல்லு” என்றார்.

சொரிமுத்து போய் நின்றார். அவரும் அதையே சொன்னார். வெளியே வந்ததோ சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன் குரல். “அவரை வரச் சொல்லு.” மச்சினன் அவசர லீவில் பிளேன் ஏறி வந்து, பெட்டியைக்கூட இறக்காமல் ஜன்னலில் போய் நின்று சொன்னபோது, அவன் மீசைக்கு நடுவிலிருந்து வந்தது ஒரு பெண் குரல், கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் கடைசியில் போன் நம்பர் சொல்லுகிற குரல். அவளை எங்கே போய் வரச் சொல்வது?

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. டியூஷன் எடுக்கும் சமுத்திரபாண்டி சார் குரல் இருபத்தேழு பிள்ளைகளிடமிருந்து வந்ததால் அவரை இருபத்தேழு தடவை வரவழைத்தார்கள். எட்டாவது தடவையோடு அவருக்குத் தொண்டை கட்டிப்போய், அதற்குப் பிறகு பிள்ளைகளிடமிருந்தும் அவர் குரல் கட்டிப்போயே வந்தது. ஒரு பெண்ணிடமிருந்து செத்துப்போன அவள் பெரியப்பா குரல் வந்தது. குமாஸ்தா வழக்கம்போல அவரையும் வரச் சொல்ல, குடும்பமே ஆற்றங்கரைக்குப் போய், “வாத்தியார் வேலை எல்லாம் இனிமே வேண்டாம்ணே, புள்ள பாட்டுக்குப் படிக்கட்டும்” என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். தகப்பன்மார் வீட்டில் வாயைத் திறக்கவே அஞ்சினார்கள். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூட, “நான் ஒண்ணும் சொல்லல தாயி, உன் இஷ்டம்” என்றார்கள். வாகைப்பேட்டையில் அந்த இரண்டு வாரம் இருந்த அமைதி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. ஜெராக்ஸ் கடை ஷாகுலின் அக்கா மகள் ரஹ்மத் மட்டும், “நர்சிங்” என்று தன் கீச்சுக் குரலிலேயே சொல்லி முதல் நாளே சீட்டு வாங்கிவிட்டாள். அவளைக் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

குற்றாலலிங்கம் இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவில் பத்தொன்பது வருஷம் இருந்து, அங்கே பெயரைச் சொல்ல வராதவர்கள் ‘லிங்க்’ என்று சுருக்கிவிட, யார் வேண்டுமானாலும் தட்டித் திறக்கிற ஒரு லிங்க்காகவே வாழ்ந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவி செண்பகவல்லியோடும் மகள் தாமிராவோடும் ஊர் திரும்பியவர் அவர். பத்தாவது வரை தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில் என்று இரண்டு மொழியில் படித்தவர். எனவே ஒரு மொழியில் தோன்றும் சந்தேகத்தை இன்னொரு மொழியில் போய் அடக்கிவிடத் தெரிந்தவர். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, “பிள்ளைகளை அவங்களே முடிவெடுக்க விடணும்” என்று பன்னிரண்டு நிமிஷம் பேசினவர், அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாமிரா ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கவனிக்காதவர். மகள் ஒன்பதாவது படிக்கும்போதே கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் தொடங்கி, எண்பத்தாறு கல்லூரிகள், ஐந்து வருஷக் கட்-ஆஃப், விடுதிச் சாப்பாட்டின் தரம் வரைக்கும் வண்ணம் வண்ணமாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார். மேலே தலைப்பு மட்டும் நியாயமாக இருந்தது: ‘தாமிராவின் விருப்பங்கள்’.

அவள் நிலவியல் படிக்கப்போகிறாள். அது அவளே எடுத்த முடிவு. ஆறு வயதிலேயே பாறை பொறுக்க ஆரம்பித்தவள் அவள். வாரா வாரம் மலைக்கு அவளை அவர்தான் கூட்டிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம்.

“வேய் சொரி, நாளைக்கு வந்து பாரும்,” என்றார் பேக்கரியில். “சொந்தக் குரல்னா என்னன்னு எம்மவ காட்டுவா.”

“வாரேன்வே,” என்றார் சொரிமுத்து. “நீரு அமெரிக்கா பாத்தவரு. எங்களுக்கு இங்க தம்மாம் வரைக்குந்தான போக முடியுது.”

மறுநாள் தாமிரா ஜன்னலுக்குப் போனபோது பின்னால் அறுபது பேர் நின்றார்கள். குற்றாலலிங்கம் வீடியோ எடுக்கக் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“என்ன படிக்கப் போறே?”

தாமிரா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “நிலவியல். ஐ மீன், கல்லு மண்ணுன்னு இல்ல, பூமியோட ஹிஸ்டரி, ஓ.கே.?” என்று குற்றாலலிங்கத்தின் குரல், ரகரத்தைக் கொஞ்சம் சுருட்டி, ‘ஓ.கே.’யில் கொஞ்சம் மூக்கைச் சேர்த்து, மிக நிதானமாக, மிக ஜனநாயகமாக வெளியே வந்தது.

அறுபது பேரும் சிரித்தார்கள். சொரிமுத்து சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அவரை வரச் சொல்லு,” என்றார் குமாஸ்தா.

“இங்கதான சார் நிக்கேன்,” என்றார் குற்றாலலிங்கம். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். தான் ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை, ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம் என்று. குமாஸ்தா பேரேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி, “நிலவியலு. யாருக்கு?” என்று கேட்டார். குற்றாலலிங்கம், “மகளுக்கு” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “எனக்கு” என்று ஒரு குரல் வந்தது, மீசை முளைக்கிற வயதில் பாதி உடைந்து பாதி உடையாமல் இருக்கிற ஒரு பதினேழு வயதுக் குரல். அதை அவர் முப்பத்தோரு வருஷமாகக் கேட்டதில்லை. பி.எஸ்ஸி. நிலவியல் விண்ணப்பத்தை வாங்கி வந்து மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பையனின் குரல் அது. இன்ஜினீயரிங்குக்குப் போகச் சொன்ன அவனுடைய அப்பா விண்ணப்பத்தைக் கிழிக்கக்கூட இல்லை, அது நல்ல கெட்டித் தாள் என்று பின்பக்கத்தில் பலசரக்கு லிஸ்ட் எழுதினார்.

அன்றைக்கு சாயங்காலம் வீட்டில் செண்பகவல்லி சுருக்கமாகத்தான் சொன்னாள். “எங்க அப்பா அதட்டிக் கட்டாயப்படுத்துனாரு. நீங்க சிரிச்சுக்கிட்டே கட்டாயப்படுத்துதீங்க. அதட்டுனாலாவது திருப்பி அழலாம்.”

“நீ மட்டும் சும்மாவா இருந்த?” என்றார் அவர்.

“அதையுந்தான் பாத்துருவமே.”

பார்த்தார்கள். மறுநாள் தாமிரா “சட்டம்” என்றபோது செண்பகவல்லியின் குரல் வந்தது, அதுவும் கோபத்தில் இருக்கும்போது வருகிற குரல். “கால்நடை மருத்துவம்” என்றபோது அருள்மேரி டீச்சர் குரல். “பொருளாதாரம்” என்றபோது, யாரும் எதிர்பாராமல், சொரிமுத்துவின் குரல். எப்போதோ பன் வாங்கப் போனபோது, கணக்கில் கெட்டியாக இருக்கிறாயே என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். சொரிமுத்து வெட்கப்பட்டுக்கொண்டு போய் ஆஜர் கொடுத்தார். இதற்குள் அவர் மகள் உலகம்மை யாருக்கும் தெரியாமல் மத்தியானம் போய் நின்று, “கேக் செய்யத்தான் எனக்கு இஷ்டம், உணவுத் தொழில்நுட்பம்” என்று தன் குரலில் சொல்லிச் சீட்டும் வாங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை தாமிரா வரிசையிலேயே நிற்கவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சீட்டு இல்லையென்றால் விண்ணப்பம் இல்லை, விண்ணப்பம் இல்லையென்றால் ஒரு வருஷம் வீட்டில். ஒரு வருஷம் முழுக்க அப்பாவின் இரக்கத்தையும் அம்மாவின் எரிச்சலையும் கேட்டுக்கொண்டு இருந்தால், அதற்குப் பிறகு அவளுக்கென்று குரல் என ஏதாவது மிச்சம் இருக்குமா என்று குற்றாலலிங்கத்துக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் வழக்கம்போலப் பட்டியலைத் திறந்தார். எண்பத்தாறு கட்டங்களும் அவரைப் பார்த்து, ஓ.கே.? என்று கேட்டன. மூடிவிட்டார்.

அப்போதுதான் பால்வண்ணம் ஐயாவின் பாதி வாக்கியம் ஞாபகம் வந்தது. ஜன்னல் வரும் என்று முன்கூட்டியே சொன்ன மனிதருக்கு, அதன் முன்னால் எப்படி நிற்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் விசாரித்தார். மறந்தும் பொய் சொல்லாதீங்க என்று ஐயா சொன்னதாக ஒருவர் சொன்னார். மறந்தும் திரும்பிப் பார்க்காதீங்க என்றார் இன்னொருவர். மறந்தும் அழுதுராதீங்க என்று சொன்னதைத் தன் காதாலேயே கேட்டதாக சமுத்திரபாண்டி சார் கட்டிப்போன குரலில் சத்தியம் செய்தார். நேரே ஐயா வீட்டுக்கே போய்விட்டார் குற்றாலலிங்கம்.

பால்வண்ணம் ஐயா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, பழைய பேப்பரின் ஓரங்களைக் கத்தரித்து ஒரே அளவில் அடுக்கிக்கொண்டிருந்தார். “என்னய்யா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“ஐயா, அன்னைக்கி மேடையில ‘மறந்தும்’னு ஒண்ணு சொன்னீங்களே. ஜன்னலுக்கு முன்னால நிக்கும்போது மறந்தும்… அதுக்கு மேல என்ன?”

“அதுவா.” ஐயா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். குற்றாலலிங்கம் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். “மறந்தும் ஒரிஜினலக் குடுத்துட்டு ஜெராக்ஸ வாங்கிட்டு வந்துராதீங்கன்னேன். சர்டிபிகேட்டத்தான். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல எத்தன பேரு அழுதுக்கிட்டு வந்து நின்னிருக்கானுவ தெரியுமா? குடுக்கும்போது பாத்துக் குடுக்கணும்ல?”

“அவ்வளவுதானா ஐயா?”

“அவ்வளவுதான்னா? வேற என்ன வேணும் உமக்கு?”

குற்றாலலிங்கம் நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் சாரல் பிடித்துக்கொண்டது, அந்த வருஷத்தின் முதல் சாரல். குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தாமிராவின் அறைக் கதவைத் தட்டினார். தட்டியபின் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார். நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கதவின் முன் முன்தயாரிப்பு இல்லாமல் அவர் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“என்னப்பா?” என்றாள் உள்ளிருந்து.

“ஒண்ணுமில்ல,” என்றார். “தோசை ஆறுது.”

வெள்ளிக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு தாமிரா ஜன்னலுக்குப் போனாள். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை, ஆனாலும் ஊர் நின்றது. குற்றாலலிங்கம் வரிசைக்குள் போகாமல், வகுப்பறைக்கு வெளியே, தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கைபேசியை சட்டைப் பையில் போட்டு பட்டனையும் மாட்டினார்.

“என்ன படிக்கப் போறே?”

தாமிரா கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு ஒரு குரல் வந்தது. “தெரியல.”

கொஞ்சம் கரகரப்பான குரல். கூச்சமும் இல்லை, துணிச்சலும் இல்லை, தாகம் எடுக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது. ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. “இது யாரு குரலுவே?” என்றார் சொரிமுத்து. யாருக்கும் தெரியவில்லை. தூணுக்குப் பின்னால் குற்றாலலிங்கமும் யோசித்தார்: செண்பகவல்லி இல்லை, டீச்சர் இல்லை, அக்கம்பக்கம் இல்லை, வெளிநாட்டுச் சொந்தம் யாராவது இருக்குமோ. அவர் அந்தக் குரலை வீட்டில் கேட்டதே இல்லை.

“அது எங்குரல்தான் சார்,” என்றாள் தாமிரா, அதே குரலில். “எனக்குத் தெரியல. கல்லு பிடிக்கும். ஆனா அதையே படிக்கணுமான்னு தெரியல. எல்லாத்தையும் ஒரு தடவ நானே வாசிச்சுப் பாக்கணும்.”

குமாஸ்தா முதன்முதலாகத் தலை நிமிர்ந்தார். சாதாரண முகம்தான், ராத்தூக்கம் பத்தாத முகம். “தெரியல,” என்று சொல்லிக்கொண்டே பேரேட்டில் எழுதினார். முத்திரையை இரண்டு தடவை ஊதிக் குத்தி, சீட்டை நீட்டினார். “பட்டியல் போட திங்கக்கிழம வரைக்கும் நேரம் இருக்கு. நீயா வாசிச்சு நீயாப் போடு.” பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தார். நாலு மணிக்குப் பச்சைக் கதவு இரண்டும் சாத்திக்கொண்டன. மறுநாள் காலையில் அங்கே சுவர் இருந்தது, அருள்மேரி டீச்சர் உலகப்படத்தை மறுபடி மாட்டினார்.

திங்கட்கிழமை காலை குற்றாலலிங்கமும் தாமிராவும் ஷாகுலின் கடைக்குப் போனார்கள், வீட்டில் கரன்ட் இல்லை. தாமிரா கையில் ஒரு நோட்டு. மூன்று நாள் உட்கார்ந்து வாசித்து அவளே எழுதியது. அட்டையைப் பார்த்தவாறே வந்தார் அவர், உள்ளே பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை வழியில் இரண்டு தடவை அவளிடம் சொல்லவும் செய்தார்.

சீட்டின் எண்ணைப் போட்டதும் விண்ணப்பம் திறந்தது. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் ஏற்கனவே ஏறியிருந்தன. கைபேசி எண் என்ற கட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளியில் கொடுத்து வைத்திருந்த குற்றாலலிங்கத்தின் எண் இருந்தது.

“அண்ணாச்சி,” என்றார் ஷாகுல், திரையைப் பார்த்துக்கொண்டே. “பட்டியல் போடணும்னாலும், மாத்தணும்னாலும், கடைசியா லாக் பண்ணணும்னாலும் ஓ.டி.பி. இந்த நம்பருக்குத்தான் வரும். உங்க நம்பரே இருக்கட்டுமா? எல்லா அப்பாமாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க.”

தாமிரா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் மிஷினின் பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றாலலிங்கம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தன் எண்ணை அழித்துவிட்டு, அவளுடைய எண்ணைப் போட்டார்.